பதில் குத்துக்கு எத்தனை நொடி

மார்ச் 3, செவ்வாய்

காலையில் ஆசிரியர் கூப்பிட்டார். 28ஆம் தேதி 'சம்மட்டி', 'தூண்' என்று பட்டப்பெயர் வாங்கிய இருவருக்கும் சண்டை. அதற்கு முன் ஒரு முழுப்பக்கம் வேண்டுமாம். நான் நேரில் பார்த்த ஹெவிவெயிட் குத்துச்சண்டைக்காரர்களில் மிகக் கனமாக அடித்த பத்துப் பேர், மிகக் கெட்டியான தாடை உள்ள பத்துப் பேர்.

"முப்பத்தோரு வருஷமா ரிங் ஓரத்துல உக்காந்திருக்கீங்க சார். உங்களை விட்டா யாரு எழுதறது?"

முகத்துதிதான். இருந்தும் மனம் குளிர்ந்தது. இரண்டு பட்டியலின் உச்சியும் இப்போதே தெரியும். அடிப்பதில் சம்மட்டி: இருபத்தாறு சண்டை, இருபத்து நான்கு நாக் அவுட். தாடையில் தூண்: நாற்பத்தொரு சண்டை, ஒருமுறைகூட விழுந்ததில்லை. 'உள்ளங்கால் தவிர வேறெதுவும் ரிங் தரையைத் தொட்டதில்லை' என்று பதினோரு வருஷத்துக்கு முன் எழுதினேன். அந்த வரியை அவனுடைய பயிற்சிக்கூடத்துச் சுவரில் பெயின்டால் எழுதி வைத்திருக்கிறார்கள். நான் எழுதியதில் மறுநாள் பழைய பேப்பருக்குப் போகாத ஒரே வரி.

மனைவியிடம் சொன்னேன். "கெட்டித் தாடைன்னா என் பேரை முதல்ல போடுங்க. இந்தச் சண்டைக் கதையெல்லாம் இத்தனை வருஷமா தாங்கறேனே" என்றாள்.

மார்ச் 5, வியாழன்

அடியின் கனத்தை எதை வைத்து அளப்பது? நாக் அவுட் கணக்கு பாதிப் பொய். நோஞ்சான்களாகத் தேடிப் பிடித்து அடித்தால் யாருக்கும் எண்ணிக்கை ஏறும்.

'பேக்கரிக்காரர்' என்று பெயர் வாங்கிய பழைய வீரரை நினைத்துக்கொண்டேன். மாவு பிசைந்து வளர்ந்த தோள். மொத்தமே பதினோரு நாக் அவுட். ஆனால் அவரிடம் பத்துச் சுற்றும் தாங்கியவர்கள் அதற்குப் பிறகு வேறு ஆளாகிவிட்டார்கள். வென்றவர்கள்கூட. 'தபால்காரர்' என்று கூப்பிடப்பட்ட இன்னொரு வீரர் அப்படியல்ல. முத்திரை குத்துகிற தூரத்துக்குத்தான் கை போகும். அவ்வளவு சின்னக் குத்தில் நூற்றுப் பத்துக் கிலோ மனிதன் உட்கார்ந்துவிடுவதை மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் பேனா மூடியைத் தொலைத்தேன்.

சம்மட்டியின் அடிக்குச் சத்தமே வேறு. மற்றவர்கள் அடித்தால் தோல் மேல் தோல் படும் சத்தம். அவன் அடித்தால் பக்கத்து அறையில் யாரோ கதவைச் சாத்தியது போல.

மார்ச் 6, வெள்ளி

மழை. பழைய குறிப்பேடுகளைப் பரணிலிருந்து இறக்கினேன். அறுபத்து நான்கு. தும்மல் நிற்கவில்லை.

மார்ச் 9, திங்கள்

'பஞ்சுமூட்டை' என்று பெயர் வாங்கியவரைப் பார்க்கப் போனேன். பதினெட்டு வருஷம் பெரிய வீரர்களுக்கெல்லாம் பயிற்சித் துணையாக நின்று அடி வாங்கியவர். இப்போது டயர் கடை வைத்திருக்கிறார். சம்மட்டியிடமும் வாங்கியிருக்கிறார், தூணையும் அடித்திருக்கிறார். இந்த ஊரில் அவரைவிடப் பெரிய நிபுணர் கிடையாது.

"சம்மட்டி அடிச்சா வலிக்காதுண்ணே. அதான் பயமே. அப்ப ஒண்ணும் தெரியாது. ரெண்டு நாள் கழிச்சு ஏதாவது மெல்லும்போது தெரியும், ஓஹோ, அன்னைக்கு அடி வாங்கியிருக்கோம்னு."

"தூண்?"

ஜாக்கியைக் கீழே வைத்துவிட்டு மணிக்கட்டைக் காட்டினார். கொஞ்சம் கோணல். "அவன் தாடையைக் குத்தின அன்னைக்கு இது. மன்னிப்புக் கேட்டான் படுபாவி! என் தாடையால உங்க கை போச்சேன்னு."

தாடை என்பது எலும்பு இல்லை என்றார். கழுத்து, கடித்த பல், எல்லாவற்றுக்கும் மேல் கண். "வர்ற குத்தைப் பாத்துட்டா யாருக்கும் தாடை உண்டு. பாக்காம வாங்கினா ஒருத்தனுக்கும் தாடை இல்லை. தூண் எல்லாத்தையும் பாத்துருவான்."

கிளம்பும்போது, "இப்பவும் பாக்கறானா?" என்று கேட்டார். பாராட்டாகச் சொன்னாரா, கேள்வியாகக் கேட்டாரா?

மார்ச் 12, வியாழன்

என் குறிப்பேட்டில் ஒரு தனிக் கட்டம் உண்டு. வேறு நிருபர் யாரும் வைத்துக்கொள்வதில்லை. கனமான குத்து விழுந்ததும் சட்டைப்பையில் இருக்கும் ஸ்டாப்வாட்சை அழுத்துவேன். வாங்கியவன் தன் அடுத்த குத்தை விடும்போது மறுபடி அழுத்துவேன். அந்த இடைவெளிக்குப் 'பதில் நேரம்' என்று பெயர் வைத்தேன். எழுதியதில்லை. ஒரு பழக்கம், அவ்வளவுதான்.

இன்று தூணுடைய பதில் நேரங்களை மட்டும் வரிசையாக எடுத்து எழுதினேன். பதினேழாவது சண்டையில் தபால்காரரின் வலது கை: 0.6 நொடி. அந்தப் பக்கத்தில் நானே 'அடேயப்பா' என்று எழுதியிருக்கிறேன். அப்படி ஒரு அடிக்கு அப்படி ஒரு பதிலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இருபத்தெட்டாவது சண்டை: 0.9. முப்பத்தாறு: 1.8. முப்பத்தொன்பது: 2.6.

நாற்பத்தொன்று, போன நவம்பர்: 4.1.

நான்கு நொடி. நான்கு நொடி அவன் நின்றிருக்கிறான், அவ்வளவுதான். அடித்தவனுக்கு அது தெரியவில்லை. எனக்கு? என் கையெழுத்தில்தான் இருக்கிறது. மறுநாள் பத்திரிகையில் நான் எழுதியது: 'தூண் அசையவில்லை.'

அசையவில்லைதான். அதுதானே கோளாறு! விழுந்தானா இல்லையா என்று பார்க்கவே என் கண் பழகிவிட்டது. விழாதவனுக்கு வலிக்கவில்லை என்று எழுதிவிடுவேன்.

மார்ச் 13, வெள்ளி

அந்தச் சண்டைகளின் ஒளிப்பதிவுகளைப் போட்டுப் பார்த்தேன். கடிகாரம் சரி. நான்தான் சரியில்லை.

மார்ச் 15, ஞாயிறு

பயிற்சிக்கூடத்துக்குப் போனேன். சுவரில் என் வரி. அதன் கீழே தூண் கயிறு தாண்டிக்கொண்டிருந்தான். முப்பத்தெட்டு வயது என்று சொல்ல முடியாது. பயிற்சியாளர் அவனுடைய சொந்த அண்ணன். கழுத்தில் துண்டு, வாயில் எப்போதும் ஒரு திட்டு.

குறிப்பேட்டைத் தூணிடம் கொடுத்தேன். பெஞ்சில் உட்கார்ந்து விரல் வைத்து வரி வரியாகப் படித்தான். கடைசி வரியில் விரல் நின்றது.

"நாலு செகண்டா?"

"நாலு புள்ளி ஒண்ணு."

"அது எனக்கு ஞாபகமே இல்ல சார்."

அண்ணன் குறிப்பேட்டைப் பிடுங்கிப் பார்த்தார். முகம் சிவந்தது. "சண்டைக்குப் பதிமூணு நாள் இருக்கு. இதைக் கொண்டுவந்து காட்டறீங்களே, நீங்க வேண்டியவரா வந்தீங்களா, நிருபரா வந்தீங்களா?"

"நிருபராத்தான். எழுதறதுக்கு முன்னாடி சொல்லிட்டுப் போக வந்தேன்."

"எதிராளி படிச்சா அந்த நாலு செகண்டுக்குள்ள இன்னும் மூணு குத்து இறக்குவான். தெரியுமில்ல?"

தெரியும். இரண்டு ராத்திரி அதைத்தான் நினைத்துப் புரண்டேன். எழுதாவிட்டாலும் அந்த நான்கு நொடி இருக்கும். ஆனால் அது இருப்பது தூணுக்குத் தெரியாது. இதைச் சொன்னேன்.

சண்டையை விட்டுவிடலாமே என்றும் கேட்டேன். தூண் தலையாட்டினான். சம்மட்டியுடன் மோதாமல் போனால் தன் தாடையைப் பற்றித் தனக்கே தெரியாமல் போய்விடும் என்றான். குத்து வாங்கி மயங்கும்போது தானாக ஒரு முழங்காலை ஊன்றினால் நடுவர் எட்டு வரை எண்ணுவார், அதற்குள் தலை தெளியும். விதியில் இடம் இருக்கிறது. அதையாவது செய்யலாமே என்றேன்.

"அதுவும் விழுந்த கணக்குல சேரும் சார்." சுவரைக் காட்டிச் சிரித்தான். "அப்புறம் இதை என்ன செய்ய?"

நான் எழுதிய வரி. குறிப்பேட்டை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

வாசல்வரை வந்தான். "எழுதுங்க. ஆனா ஒரு செகண்டைக்கூடக் கூட்டிக் குறைச்சு எழுதாதீங்க."

மார்ச் 19, வியாழன்

எழுதிக் கொடுத்தேன். பட்டியல்கள் அப்படியே. தாடையில் முதலிடம் தூணுக்கே. அதன் கீழே பதில் நேரங்கள் முழுவதும், என் தவறான வாக்கியத்தோடு.

ஆசிரியர் இரண்டு முறை படித்தார். "தரவரிசை கேட்டா டாக்டர் சீட்டு கொண்டுவந்திருக்கீங்களே சார்." கொஞ்ச நேரம் மேசையைத் தட்டினார். "போடலாம்."

மார்ச் 22, ஞாயிறு

வெளிவந்துவிட்டது. காலையிலேயே அண்ணனின் போன். எழுத முடியாத வார்த்தைகள். நடுவில் ஒரு கேள்வி: "அந்த ஸ்டாப்வாட்சை எப்ப அமுக்குவீங்க? குத்து விழும்போதா, விழுந்த பிறகா?" விழும்போது என்றேன். மறுபடி திட்டிவிட்டு வைத்துவிட்டார்.

மார்ச் 25, புதன்

மருத்துவக் குழு தூணின் தலையைப் படம் எடுத்துப் பார்த்தது. குறை ஒன்றும் தெரியவில்லையாம். சண்டை உண்டு. எனக்கு நிம்மதி வரவில்லை.

மார்ச் 28, சனி

மாலை நான்கு மணிக்கு ஆரம்பித்தார்கள். இப்போது எட்டு மணி. நடந்தது நடந்தபடி.

முதல் நான்கு சுற்று தூணுடையவை. சம்மட்டியின் வலது கையைப் பார்த்துப் பார்த்து, தோளிலும் மணிக்கட்டிலும் வாங்கினான். ஐந்தில் ஒன்று தாடையில் விழுந்தது. அந்தக் கதவு சாத்தும் சத்தம். 1.2. அரங்கமே எழுந்தது, நானும் எழுந்தேன். முப்பத்தெட்டு வயதில், அந்தக் கைக்கு, ஒன்று புள்ளி இரண்டு!

ஏழாவது சுற்றில் பக்கவாட்டில் வளைந்து வரும் இடது ஹூக். தூண் அதைப் பார்க்கவில்லை. அழுத்தினேன்.

ஒன்று. நிற்கிறான். இரண்டு. கைகள் மேலே இருக்கின்றன, கண்கள் இல்லை. சம்மட்டி தோளைத் திருப்புகிறான். மூன்று வருவதற்குள் —

"உக்காருடா!"

அண்ணனின் குரல். மூலையில் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். மற்றக் கையில் ஒரு ஸ்டாப்வாட்ச்.

தூண் வலது முழங்காலைத் தரையில் வைத்தான். விழவில்லை. கனமான பெட்டியை இறக்கி வைப்பவன் போல மெதுவாக வைத்தான். கிளம்பிவிட்ட குத்தைச் சம்மட்டி பாதியில் மடக்கினான். அவ்வளவு வேகத்தில் போகும் கையை நிறுத்துவது, அடிப்பதைவிடப் பெரிய பலம். அதையும் இன்றுதான் பார்த்தேன்.

நடுவர் எண்ணினார். எட்டில் தூண் எழுந்தான், கண் தெளிந்திருந்தது, தொடரலாம் என்று கையுறையைத் தூக்கினான். அதற்குள் அண்ணன், தோல்வியை ஒப்புக்கொண்டோம், சண்டையை நிறுத்துங்கள் என்பதற்கு அடையாளமாக, துண்டை வீசிவிட்டார். அது நடுவரின் தலையில் போய் விழுந்தது.

தூண் துண்டைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான். நான்கு வயது மூத்தவரைச் சின்னப் பையனைப் போலக் கட்டிக்கொண்டான். அண்ணன் அழுதுகொண்டே திட்டினார்: "மூணுன்னா உக்காரணும்னு சொன்னேனா இல்லையா? மூணுக்கு மேல போயிட்ட!"

போகவில்லை. முழங்கால் தரையைத் தொட்டதும் நான் அழுத்திய கடிகாரத்தில் 2.9.

மார்ச் 29, ஞாயிறு

குறிப்பேட்டில் நிரப்ப வேண்டும். 'விழுந்தது' என்ற கட்டத்தில் நாற்பத்தொரு பூஜ்யங்கள். நாற்பத்திரண்டாவதில் விதிப்படி 1 என்று போட்டேன். பக்கத்தில் 'தானாக' என்று எழுதினேன். தாடைப் பட்டியலில் அவன் இடத்தை மாற்றவில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

தூண் ஓய்வை அறிவித்துப் பத்து நாளாகிறது. இன்று பயிற்சிக்கூடத்துக்குப் போனேன், ஏதாவது சொல்லவேண்டும் என்று. என்ன சொல்வதென்று தெரியாமல்தான்.

ஏணி மேல் நின்றுகொண்டிருந்தான், கையில் பெயின்ட் டப்பா. கீழே அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொண்டு, கோடு கோணலாகப் போகிறது என்று திட்டிக்கொண்டிருந்தார். சுவரில் என் வரி அப்படியே இருந்தது. 'உள்ளங்கால்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் மேலே, விட்டுப்போனதைச் சேர்க்கும் கூரை அடையாளம் ஒன்று போட்டு, சின்ன எழுத்தில் சேர்த்திருந்தான்: 'ஒரு முழங்கால்'.

"பேப்பர்ல திருத்தம் போடுவீங்கல்ல சார், அது மாதிரி" என்றான்.

"அப்போ இனிமே நிருபர் வேலையிலயும் எனக்குப் போட்டியா வந்துட்டியா தம்பி?" என்றேன்.

"நீங்களும் என் வேலைக்கு வரலாம் சார், தாடை மட்டும்தான் உங்களுக்குக் குறை. ஒரு நாள் வந்து நில்லுங்க, பாத்துடலாம்."

நான் சொல்லி முடிப்பதற்குள் வந்துவிட்டது பதில். என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. பை காலி. கடிகாரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.