அந்த ஐயாவிட்டப் பறிச்ச அரிசிப் பை

ஓஸ்டர்முண்டிகன்

அன்பு மகள் வேணுகாவுக்கு,

பாசலில இரசாயனக் கிடங்கு எரிஞ்சு ரைன் ஆறு சிவப்பாய் ஓடின வருசம் இந்த நாட்டுக்கு வந்த உன்ர அப்பா சொல்லுறது. இஞ்ச எல்லாரும் சுகம், நீயும் மருமகனும் சுகமாயிருக்க நல்லூரானை வேண்டுறன். நான் சொல்லச் சொல்ல உன்ர அண்ணி சிவகலா எழுதுறா, ஒண்டையும் திருத்தக் கூடாதெண்டு சொல்லியிருக்கிறன். அம்மாவின்ர முழங்கால் பரவாயில்லை. உங்கை உன்னட்ட நிண்டிட்டு வந்து பத்து நாளாச்சு, எனக்குத்தான் சோறு இறங்குதில்லை.

நீ நகரசபைக் கந்தோரில சனத்தைக் கணக்கெடுக்கிற வேலை. சாப்பிடேக்க சொன்னனி, உங்கட ஊரில ரெண்டு லட்சம் சனம், ஆறில ஒராள் அறுபத்தஞ்சு தாண்டினது, முந்திக் கார் பாகம் செய்யிற பக்டரிதான் ஊருக்கே சோறு போட்டது, இப்ப ஆஸ்பத்திரியும் சாமான் அனுப்பிற கிடங்குகளும் எண்டு. நான் தலையாட்டிப்போட்டு ரசத்தைக் குடிச்சனான். அடுத்தநாள் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாய், அங்கை உன்ர கணக்கு சிவப்பு ஏப்ரன் கட்டிக்கொண்டு நிண்டது. எண்பத்தொரு வயசு மனிசன், சாமானைப் பையில போட்டுக் கார் மட்டும் தூக்கித் தாற வேலை. முப்பத்திமூண்டு வருசம் அந்தப் பக்டரியில நிண்டவராம், மனிசியின்ர மருந்துக்காகத்தான் இப்பவும் நிக்கிறாராம், தன்னோட வரிசையில வேலை செய்த பதினொரு பேரில தான் மட்டும்தான் மிச்சமாம், எல்லாம் நீதான் கேட்டுச் சொன்னனி. அவர் ஒற்றை விரலைக் காட்டிச் சிரிச்சவர்.

இனிச் சொல்லுறதை அங்கை உனக்குச் சொல்லேல்லை. நான் திரும்பி வெளிக்கிடுறதுக்கு முதல்நாள் நீ காரை எடுக்கப் போன நேரம் அந்த ஐயா எங்கட அரிசிப் பையைத் தூக்க வந்தார். என்னிலும் நாலு வயசு மூத்த மனிசன் என்ர அரிசியைச் சுமக்க நான் கையை வீசிக்கொண்டு பின்னால போறதோ? பறிச்சுத் தோளில வைச்சன். அவர் ஏதோ சொல்லி இழுத்தார், நான் விடேல்லை. அவரைப் பிடிச்சுக் கதிரையில இருத்திப்போட்டு மற்றப் பைகளையும் நானே நிரப்பினன், பெரிய புண்ணியம் செய்யிற நினைப்பு. மனேச்சர் பொம்பிளை வந்து பாத்தா. என்னைப் பாத்துச் சிரிச்சா, அவரைப் பாத்துச் சிரிக்கேல்லை. அடுத்தநாள் விமானத்துக்குப் போற வழியில பால் வாங்க இறங்கினமே, அவர் நிண்ட இடத்தில ஒரு பெட்டை நிண்டது. நான் பாலை வாங்கிக்கொண்டு வந்து காரில ஏறினன்.

பிளேன் ஏறினபிறகுதான் ஞாபகம் வந்தது. இந்த நாட்டுக்கு வந்த புதுசில, கூர் எண்ட ஊரில ஒரு ஹோட்டல் குசினியில நாங்கள் ஆறு தமிழ்ப் பொடியள் கோப்பை கழுவினனாங்கள். ஒருநாள் சாப்பிட வந்த வெள்ளைக்காரக் கிழவி ஒண்டு, பச்சைத் தொப்பி, என்னைப் பாவம் பாத்து உள்ளுக்கு வந்து பக்கத்தில நிண்டு கோப்பை துடைச்சுத் தந்தது. பெரிய குசினிக்காரன் கண்டுட்டான். சாப்பிட வந்த ஆளை வேலை செய்யவிட்டிட்டுப் பாத்துக்கொண்டு நிக்கிறியோ எண்டு ரெண்டு கிழமை என்னைச் சம்பளமில்லாமல் வேலையால நிப்பாட்டிப்போட்டான். மற்ற அஞ்சு பேரும் தங்கட சோத்தில கிள்ளிக் கிள்ளி எனக்குத் தந்தவங்கள். தொப்பியின்ர நிறம் மறக்காத எனக்கு அரிசிப் பையைப் பறிக்கேக்க அது ஏன் பிள்ளை ஞாபகம் வரேல்லை?

நீ ஒருக்கால் அங்கை போ. போனில கதைக்காதை, நேர போ. அவற்ற பேர் சட்டையில குத்தியிருந்தது, எனக்கு வாசிக்கத் தெரியாது, நீ வாசிச்சிருப்பாய். அந்த மனேச்சரிட்டச் சொல்லு, அவர் பையைத் தரச்சொல்லிக் கேட்டவர், நான்தான் குடுக்கேல்லை, மூத்தவையைச் சுமக்கவிடாத சனம் நாங்கள், கதிரையில இருந்ததும் என்ர பலவந்தம் எண்டு. அவருக்காக வந்து கதைக்க அவரோட நிண்ட மற்றப் பத்துப் பேரில ஒருத்தரும் இப்ப இல்லை. தை மாசம் எங்கட குசினி ஆறு பேரில குலேந்திரன் அண்ணையும் கண்ணை மூடினபிறகு எனக்கும் அந்த ஒற்றை விரல்தான்.

குளிருக்குக் கழுத்தை மூடிக்கொண்டு போ. நல்லாயிரு பிள்ளை. இந்தச் சனிக்கிழமையே போ.

கூரில கோப்பை கழுவின ஆறு பேரில மிஞ்சியிருக்கிற
உன்ர அப்பா
மூத்ததம்பி