அக்காவுக்கு மட்டும் கேட்ட சத்தம்

அக்கா,

இன்று காரை எடுக்காதே, பஸ்ஸில் போ. சொன்னால் கேட்கமாட்டாய், அதனால் சாவியை நானே கொண்டுபோகிறேன்.

பிரேக் போட்டால் ‘டொக்’கென்று சத்தம் வருகிறது என்று நீ சொன்னது நிஜம். நைட் ஷிப்ட் வேலையை விட்டு ஒரு மாதமாகியும் எனக்கு இரவில் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் வண்டியை எடுத்தேன். எப்போதும் ஏறியவுடன் என் நெட்டைக் காலுக்காக சீட்டைப் பின்னால் தள்ளுவேன். வண்டியை ஓட்டிப் பார்த்த மெக்கானிக்கும் அப்படித்தான். இன்று தூக்கக் கலக்கத்தில் தள்ள மறந்துவிட்டேன். முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்க, தெருமுனையில் பிரேக் போட்டேன். டொக்.

சீட்டைத் தரையோடு பிடிக்கும் முன்பக்க போல்ட் ஒன்றைக் காணோம். இன்னொன்று கையோடு கழன்று வந்தது. சீட்டைப் பின்னால் தள்ளினால் பாரம் அதில் விழாது, சத்தமும் வராது. இரண்டு வாரமாக நீ அந்தக் கழன்ற சீட்டில்தான் ஓட்டியிருக்கிறாய். போல்ட் வாங்கத்தான் போகிறேன்.

“மேடம், பாட்ட சத்தமா வைங்க, கேக்காது” என்று மெக்கானிக் சொன்னபோது நானும் சிரித்தேன். “சிரிடா, நீயும் நல்லா சிரி” என்றாய். அதற்கப்புறம் நீ என்னோடு பேசவில்லை. தப்பு என்னுடையதுதான்.

முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன். சாப்பிடாமல் ஓடாதே.

பி.கு: காரின் பின்கதவும் கீச்சென்கிறது. உனக்குக் கேட்காமல் இருந்திருக்காது. இவனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாய் போல. இனிமேல் சொல்லு.