வசனமில்லாத தேசமுத்து

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் உன் மனைவியும் குழந்தையும் நலமென்று நம்புகிறேன். இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் சரியில்லை.

நம் படக்கதைக்கு நீ அனுப்பிய புதுக் கதை வந்தது. திருடன் பெட்டியோடு ஓடுகிறான். தேசிய கீதம் கேட்டதும் நம் தேசமுத்து விரட்டுவதை விட்டுவிட்டு விறைப்பாக நிற்கிறான். திருடன் சாவகாசமாகப் பேருந்து ஏறிப் போகிறான். வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு எரிச்சல்தான் வந்தது.

அக்கா, நீ படத்தை நிஜ வீரன் மாதிரியே வரை, நக்கலை நான் வசன பலூன்ல பாத்துக்கறேன் என்று ஆரம்பத்தில் சொன்னாயே, நினைவிருக்கிறதா? நானும் தலையாட்டிவிட்டு, தோளில் கொடியும் பாறை மாதிரி மார்புமாக வரைந்து தள்ளினேன். பலூனையும் வசனத்தையும் அச்சகத்தில்தான் சேர்ப்பார்கள். வீட்டில் கிடப்பதெல்லாம் வெறும் படம். எழுத்துக் கூட்டத் தெரியாத வயதிலிருந்தே என் மகன் அந்தப் படங்களோடு வளர்ந்தான். அது எனக்கு உறைக்கவே இல்லை.

போன வாரம் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டேன் என்று வந்து நிற்கிறான். எல்லையில் சண்டை நடக்கிற நேரம்! அவன் அப்பா சாப்பிடாமல் படுத்துவிட்டார். நான் பழைய இதழ்களை அவன் முன்னால் போட்டு, இது கேலிடா, இவன் ஒரு முட்டாள்டா என்று கத்தினேன். அதெல்லாம் மாமா எழுதினதும்மா, நீ வரைஞ்சது அப்படி இல்லையே என்றான்.

நீ அங்கே பத்திரமாக உட்கார்ந்து எழுதுகிறாய். உன்னைக் குறை சொல்லவில்லை. சரி, சொல்கிறேன் என்றே வைத்துக்கொள்.

அடுத்த மாதம் அவன் ரயில் ஏறுகிறான். அதற்குள் ஒரு கதை யோசித்துக் கொடு. வசனமே வேண்டாம். தேசமுத்து கொடியை மடித்து வைத்துவிட்டு வீட்டுக்கு வரவேண்டும், அவ்வளவுதான். நானே முயன்று பார்த்தேன். எப்படி வரைந்தாலும் கம்பீரமாகவே நிற்கிறான், சனியன். களைத்துப்போய், பசியோடு ஒருவன் வாசலில் எப்படி நிற்பான் என்று நீதான் சொல்லவேண்டும். கதவைத் திறக்கும் அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் மகளுக்கு என் முத்தங்கள். அவளுக்கு என் படங்களைக் காட்டினால், பக்கத்தில் உட்கார்ந்து வசனத்தையும் படித்துக் காட்டு. நீங்கள் மூவரும் எப்போதும் ஒரே வீட்டில் இருக்கவேண்டும்.

உன் அக்கா