முதல் பக்கத்துப் பென்சில் எழுத்து

என்னங்க,

ஷிப்ட் முடிந்து வந்ததும் மீன்குழம்பைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டுச் செலின் அக்காவிடம் கொடுங்கள்.

நான் லெண்டிங் லைப்ரரிக்குப் போகிறேன். "இனிமே வீட்டுல நாவல் நக்கோ!" என்று தடை போட்டுக் கத்தினீர்கள். அது போதாதென்று என் துப்பறியும் நாவலின் முதல் பக்கத்தில், "கம்பவுண்டர்தான் கொலைகாரன்" என்று பென்சிலால் எழுதியும் வைத்தீர்கள். அதோடு நான் மூடி வைத்துவிடுவேன் என்ற நினைப்பா? ஒரே மூச்சில் முடித்துவிட்டேன்.

போன வாரக் காதல் நாவல் முழுக்க ஒரே அழுகை. சரித்திர நாவலில் இளவரசனைவிடக் குதிரைக்குப் புத்தி அதிகம். இந்தத் துப்பறியும் நாவல்தான் முதல் தரமானது. இதே மாதிரி இன்னும் இரண்டு எடுத்து வருவேன்.

லோயிஸ்

மறந்துவிட்டேன்: கம்பவுண்டர் பாவம், நிரபராதி. நீங்கள் கடைசி அத்தியாயம் படிக்கவில்லை. கொன்றது யாரென்று நான் சொல்ல மாட்டேன். புத்தகத்தையும் திருப்பிக் கொடுக்கப் போகிறேன். தெரிந்தே ஆக வேண்டுமென்றால் லைப்ரரியில் உங்கள் பெயருக்கு ஒரு கார்டு போடுங்கள்.