வெயிலில் தெரிகிற மஞ்சள்

ஏட்டி,

இன்று காலை தோவாளைப் பூச்சந்தையில், பிச்சிப்பூ வாசனைக்கு நடுவே நின்றுகொண்டு, உன்னை நினைத்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். வியாபாரிகள் சங்கச் செயலாளர் அண்ணாச்சி என்னை ஒருமாதிரி பார்த்தார். பாவம், அவர்தான் என்ன செய்வார். அன்றன்றைய பூ விலையைக் காட்டும் இணையப் பக்கம் ஒன்று செய்து அவரிடம் காட்டப் போயிருந்தேன். அவர் போனை வாங்கிச் சாய்த்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டைத் தலையோடு போர்த்தி, அதற்குள்ளே போனை வைத்துப் பார்த்தார். வெயிலுக்கு ஒன்றும் தெரியவில்லையாம்.

நீ போன பிறகு நான் தனியாக எடுத்த முதல் வேலை இது. ஓணத்துக்குக் கேரள வியாபாரிகள் வந்து இறங்குமுன் பக்கம் ஓடவேண்டும், சரிவராவிட்டால் வேறு ஆள் பார்ப்போம் என்று அண்ணாச்சி முன்பே சொல்லியிருந்தார். இதுவும் கைவிட்டுப் போனால் நாகர்கோவிலில் நாம் வேலைக்கென்று எடுத்த வாடகை அறையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிடுவது என்று நானும் முடிவு செய்திருந்தேன். அப்படிப்பட்ட நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. துண்டுக்குள் இருந்த அவர் தலையைப் பார்த்ததும் தேங்காய்ப்பட்டணம் துறைமுகம் ஞாபகம் வந்துவிட்டது.

அங்கே மீன் விற்கிறவர்களுக்காக மீன் விலைப் பக்கத்தை நாம் முதலில் செய்தபோது நிறமும் எழுத்தும் என் பொறுப்பு. பூக்காரர் வீட்டுப் பெண் அல்லவா, வெள்ளைப் பின்னணியில் பிச்சி மொட்டின் வெளிர் சிவப்பில் மெல்லிய எழுத்துகளாகப் போட்டு வைத்தேன். ஜன்னல் திரையை இழுத்துவிட்ட அறையில் அது அவ்வளவு அழகாக இருந்தது. நீ பார்த்துவிட்டு அழகுதான் என்று ஒப்புக்கொண்டாய். மறுநாள் உச்சி வெயிலில் என்னைத் துறைமுகத்துக்கு இழுத்துக்கொண்டு போனாய்.

உன் அம்மா ஏலத்தில் எடுத்த மீனைச் சருவத்தில் வைத்துத் தலையில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். ஒரு கை சருவத்தைப் பிடித்திருந்தது. மறு கையில் என் பக்கத்தைத் திறந்த போனைக் கொடுத்தாய். அவர்கள் கையை நீட்டிப் பார்த்தார்கள், கிட்டே கொண்டுவந்து பார்த்தார்கள்.

“இதுல ஒண்ணும் இல்லியே மக்கா, வெறும் வெள்ளையால்லா கெடக்கு.”

எனக்கு முகம் தொங்கிப்போயிற்று. நீயோ அங்கே கிடந்த ஐஸ் பெட்டி ஒன்றின்மேல் சாடி ஏறி உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாய். நிழலுக்குப் போவோம் என்று நான் கெஞ்சியதற்கு, “வெயிலுல பாக்கப்பட்டதை வெயிலுல இருந்துதாம்ட்டி எழுதணும்” என்றாய். வியர்வை விசைப்பலகையில் சொட்டச் சொட்டப் பக்கத்தின் நிறத்தையும் எழுத்தையும் தீர்மானிக்கிற ஸ்டைல் ஷீட் கோப்பு ஒன்றைப் புதிதாக எழுதினாய். கறுப்புப் பின்னணி, தடித்த மஞ்சள் எழுத்து, கட்டைவிரல் பருமனுக்கு எண்கள். பக்கத்துக்குள் இருந்த விவரங்களில் ஒரு சொல்லைக்கூட நீ தொடவில்லை. என் ஸ்டைல் ஷீட்டை இணைக்கும் வரியையும் அழிக்கவில்லை. எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான இடத்தில், அதற்குக் கீழே, உன்னுடையதை இணைக்கும் ஒற்றை வரியைச் சேர்த்தாய், அவ்வளவுதான். மீன் விலை, கடல் நிலவரம், ஐஸ் இருப்பு, எல்லாப் பக்கமும் ஒரே நொடியில் கறுப்பும் மஞ்சளுமாக மாறி நின்றன. கோபத்தையும் மறந்து நான் கைதட்டிவிட்டேன்.

உன் அம்மா மறுபடி பார்த்தார்கள். “அயிலைக்கு வெலை கூடிப்போச்சே” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க நடந்தார்கள். அதைவிடப் பெரிய பாராட்டு நமக்கு யாரும் தந்ததில்லை.

அதன் பிறகு எவ்வளவு சண்டை! ஒரு பக்கத்தில் இரண்டு ஸ்டைல் ஷீட்டை இணைத்தால், இரண்டும் ஒரே விஷயத்தில் மோதுகிற இடத்தில் கீழே இருப்பதுதான் ஜெயிக்கும். அது போதாதா நமக்கு. நீ டீ வாங்கப் போன நேரத்தில் நான் என் வரியைக் கீழே இறக்குவேன். பக்கம் வெளுத்துவிடும். திரும்பி வந்து பார்த்ததும், “ஒனக்கது மேல, எனக்கது கீழ” என்று பாட்டுப்போல இழுத்துக்கொண்டே என் வரியை மேலே ஏற்றி உன் வரியைக் கீழே வைப்பாய். வேலை முடித்துக் கொடுக்கிற அன்று மட்டும் உன்னுடையதே கீழே இருக்கும். மோதாத இடங்களில் என் ஓரங்களும் இடைவெளிகளும் அப்படியே இருந்தன. பார்க்கிறவர்களுக்கு அது ஒரே கை வேலையாகத் தெரிந்தது.

காய்ச்சல் என்று படுத்தவள் நீ எழுந்திருக்கவே இல்லை. அதற்குப் பிறகு உன் கோப்பைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. பூப் பக்கத்தை மீன் பக்கத்தின் அமைப்பிலேயே செய்தேன். உன் ஸ்டைல் ஷீட்டை மட்டும் சேர்க்காமல் விட்டேன். தனியாகச் செய்தேன் என்று எனக்கே காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது போல.

இன்று பூ மூட்டை ஒன்றின்மேல் ஏறி உட்கார்ந்தேன். அண்ணாச்சி நிழலைக் காட்டினார், வேண்டாம் என்றேன். உன் கோப்பைத் தேடி எடுத்து, என் வரிக்குக் கீழே உன் வரியைச் சேர்த்தேன். ஒரே நொடிதான், ஏட்டி. பிச்சி, கேந்தி, அரளி, சம்பங்கி, அத்தனையும் உன் மீன் சந்தை மஞ்சளில் பளிச்சென்று வந்து நின்றன. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அண்ணாச்சி துண்டை எடுக்கவில்லை. வெயிலில் நின்றபடியே எல்லா விலையையும் படித்துவிட்டு, “கொள்ளாம், நல்லாருக்கு. நாளையே பக்கத்தை எல்லாருக்கும் விட்டிரு பிள்ளே” என்றார்.

நம் அறைக்குத் திரும்பி வந்துவிட்டேன். சாவி என்னிடமேதான் இருக்கிறது. ஜன்னல் திரையைக் கழற்றி மடித்து வைத்தாயிற்று, வெயில் மேசைவரை வருகிறது. டீயும் வந்துவிட்டது. பக்கத்தைத் திறந்தே வைத்திருக்கிறேன். என் வரியைக் கீழே இறக்கினால் இனி மாற்றிவைக்க யாரும் வரப்போவதில்லை. எனக்கது மேலேயே இருக்கட்டும், ஏட்டி.