புகையான் வராது என்று சொன்னது நான்தான்

புனே,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு, சிந்துஜா வணக்கத்துடன் எழுதுவது. முட்டிவலி தேவலையா? அம்மா மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நெல்லுக்குப் புகையான் பூச்சி வராது என்று நான் சொன்னதை நம்பித்தான் நீங்கள் மருந்தடிக்காமல் விட்டீர்கள். பக்கத்து நிலத்து ராஜேந்திரன் மாமாவிடமும், "எம்பொண்ணு கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்றா, மருந்து வேணாங்க" என்றீர்கள். இரண்டு பேர் பயிரும் பொசுக்கியது போலக் காய்ந்துவிட்டது.

காரணம் இப்போதுதான் தெரிந்தது. எங்கள் ஆபீஸில் காற்றின் ஈரத்தை வைத்துத்தான் பூச்சி பெருகுமா என்று ஊர் ஊராகக் கணிக்கிறோம். நம் ஊருக்கான, அடி அண்ணாமலைக்குக் கிட்டே இருக்கும் வானிலைக் கருவி மூன்று வாரமாகப் பழுது. எங்கள் மேலாளர் போன வருடத்து எண்களைப் போட்டு நிரப்பியிருக்கிறார். நானும் சரிபார்க்கவில்லை. நேற்று அவரிடம் கேட்டேன். நூறு ஊரில் ஒன்றுக்குக் கணிப்பு தப்பத்தான் செய்யும் என்றார். "அந்த ஒண்ணு எங்க ஊரு சார்" என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். சம்பளம் அதேதான், கவலைப்படாதீர்கள்.

அம்மாவிடம் கொஞ்சம் பருப்புப்பொடி அனுப்பச் சொல்லுங்கள். ஒருத்திக்காகச் சமைக்கத் தோன்றுவதில்லை.

ராஜேந்திரன் மாமா உங்களோடு பேசுவதில்லையாமே. இந்தக் கடிதத்தை அவரிடம் படிக்கக் கொடுங்கள். தப்பு யாருடையது என்று அவருக்குத் தெரியட்டும்.

ஆபீஸ் பஸ் வந்துவிட்டது. நீங்கள் இதுவரை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருக்கலாம் அப்பா.

சிந்துஜா