நீ கைவிட்ட நிபந்தனை

இன்று காலை கூரியரில் ஒரு கட்டு வந்தது. பிரித்ததும் அறை முழுக்கப் புது மையும் பசையும் கலந்த வாசனை. நம் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு. நேராகக் கடைசி அத்தியாயத்தைத் திருப்பினேன். தென்னாப்பிரிக்காவைப் பற்றி நீ எழுதிய இரண்டு பக்கங்களும் ஒரு வரி குறையாமல் இருந்தன. அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். இத்தனை வருஷமாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிப் போனது. அதைச் சொல்ல உன்னைத் தவிர வேறு யாரும் தோன்றவில்லை.

நாம் இருவரும் ஒரே கல்லூரியில் அரசியல் பாடம் நடத்தினோம். நீ சாந்தோம் மாதா கோயில் தெருக்காரி. நான் தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக் குடும்பத்துப் பெண். அணு ஆயுதமற்ற மண்டலங்கள் பற்றி மாணவர்கள் படிக்கத் தமிழில் ஒன்றுமே இல்லையே என்று, நாமே எழுத உட்கார்ந்தோம். உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் எல்லா அத்தியாயங்களும் உருவாயின.

உனக்கு மிகவும் பிடித்தது லத்தீன் அமெரிக்கா. கியூபாவில் ஏவுகணைகள் வந்து உலகமே நடுங்கிய பிறகு, அந்தப் பகுதி நாடுகள் இந்த ஆயுதம் எங்கள் மண்ணில் வேண்டாம் என்று தாங்களே கூடி முடிவெடுத்தன. எல்லோரும் சேர்ந்தால்தான் ஒப்பந்தம் அமலுக்கு வரும் என்பது பொது விதி. ஆனால் அந்த நிபந்தனை எனக்கு வேண்டாம் என்று ஒரு நாடு எழுதிக் கொடுத்தால், அந்த நாட்டுக்கு மட்டும் அப்போதே அமலுக்கு வரும். அப்படித்தான் ஒவ்வொன்றாக வந்தன. அந்தப் பகுதியின் பெரிய நாடுகள் வெகுகாலம் தயங்கிவிட்டு வந்தன. கியூபா கடைசியாக வந்தது.

“பாருடி, வராதவங்களை யாரும் திட்டலை. நாற்காலியை மட்டும் போட்டு வெச்சிருந்தாங்க” என்பாய்.

நம் சண்டை கடைசி அத்தியாயத்தில் வந்தது. அது நம் நாடும் அண்டை நாடுகளும் சேர்ந்த நம் பகுதியைப் பற்றியது.

“அவங்க குண்டு வர்றதுக்கு முன்னாடி தடுத்தாங்க. இங்கதான் ஏற்கெனவே வந்தாச்சே. நமக்கு இது ஒத்து வராது” என்றேன்.

“தென்னாப்பிரிக்கா தான் செஞ்சு வெச்சதைத் தானே பிரிச்சுப் போட்டுச்சே? அப்புறம்தானே ஆப்பிரிக்கா முழுக்க ஒப்பந்தம் வந்துது? அதை விட்டுட்டா பசங்களுக்குப் பாதிதான் சொல்றோம்” என்று நீ விடவில்லை. எழுதியும் கொடுத்தாய்.

அந்த மாதம் உன் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார். கடைசிப் புரூஃப் என் கைக்கு மட்டும் வந்தது. உன் இரண்டு பக்கங்களையும் அடித்துவிட்டு, ‘நம் பகுதியில் இது நடக்காது’ என்று ஒரு வரி எழுதி அச்சுக்கு அனுப்பினேன்.

புத்தகம் அச்சாகி வந்த அன்று ஆசிரியர் அறையில் நின்றபடியே நீ அதைப் படித்தாய். “ஒரு போன் பண்ணியிருக்கலாமே” என்றாய்.

“அம்மா அப்படி இருக்கறப்ப உன்னைத் தொந்தரவு பண்ண வேணாம்னுதான்…”

“அது காரணம் இல்லைன்னு உனக்கே தெரியும்.”

அதற்குப் பிறகு நான்கு வருஷம் நாம் பேசவில்லை. மேசைகள் பக்கத்துப் பக்கத்தில். வருகைப் பதிவேட்டை ஒருவர் பக்கம் ஒருவர் தள்ளுவதோடு சரி. தப்பு என்னுடையது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நீ ஒரு வார்த்தை பேசினால் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று காத்திருந்தேன். அப்படியே இருவரும் ஓய்வும் பெற்றுவிட்டோம்.

பிறகு அந்தத் தீபாவளி நெரிசலில் பனகல் பூங்காவுக்குப் பின்னால் இருக்கும் என் வீட்டு மாடிப்படியில் நீ மூச்சு வாங்க ஏறி வந்தாய். புடவை நனைந்திருந்தது.

“ஆட்டோக்காரர், ‘இன்னா மேடம், இந்தக் கூட்டத்துல வண்டி எப்டி போவும்’னு உஸ்மான் ரோட்டுலயே இறக்கி விட்டுட்டாரு. மொதல்ல தண்ணி குடு.”

தண்ணீரைக் கொடுத்தேன். “நான்தான் உன் வீட்டுக்கு வந்திருக்கணும்” என்றேன்.

“வந்திருக்கணும். வரலை. நீ மன்னிப்புக் கேட்டாத்தான் பேசறதுன்னு இருந்தேன். இன்னிக்குக் காலையில அந்த நிபந்தனையை விட்டுட்டேன். எனக்கு அமலுக்கு வந்தாச்சு. உனக்கு எப்ப வருதோ வரட்டும்.”

சிரித்தேன். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. “என்னை மன்னிச்சிடு” என்று ஒருவழியாகச் சொன்னேன். நீ என் தலையில் லேசாகத் தட்டினாய்.

உன் நோயைப் பற்றி அன்று நீ சொல்லவில்லை. அடுத்த மாதம்தான் சொன்னாய். அதன் பிறகு நமக்கு ஏழு மாதங்கள் கிடைத்தன. வியாழக்கிழமைதோறும் சாந்தோமுக்கு வந்தேன். அந்த அத்தியாயத்தை மறுபடி எழுதினோம். ‘நடக்காது’ என்பதை நான் எடுத்தேன். ‘நடக்கும்’ என்று போடலாமா என்றதற்கு, “அதுவும் நமக்குத் தெரியாதே. கஷ்டம்னு போடு, போதும்” என்றாய்.

மாதா கோயிலில் உன் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோது நிறைய அழுதேன். ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் விட்டது எதுவும் மிச்சமில்லை என்ற நிம்மதி அந்த அழுகைக்கு நடுவிலும் இருந்தது. நீ மட்டும் அன்று படியேறி வராமல் இருந்திருந்தால்?

சண்டை வந்தால் யார் முதலில் பேச வேண்டும் என்று இப்போதெல்லாம் நான் பார்ப்பதில்லை. போன வாரம் தண்ணீர் மோட்டார் விஷயமாக மேல்வீட்டு அம்மாவோடு பெரிய வாக்குவாதம். தப்பில் பாதியாவது அவருடையது. மறுநாள் காலை மேலே போய் மணியை அடித்தேன். கதவு திறந்ததுமே, “நேத்து நான் கொஞ்சம் அதிகமா பேசிட்டேங்க” என்றேன்.

அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு வழியை விட்டு ஒதுங்கி, “உள்ள வாங்க, இப்பத்தான் டிகாக்ஷன் இறங்குது” என்றார்.